வயர், ஸ்பீக்கர், செடி, சத்தம்: இதுவும் கலையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கிலும் அவ்வப்போது கோலாலம்பூரிலும் கண்காட்சிகளுக்குப் போகும்போது தமிழ் நண்பர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் என்று யாராவது கூட வருவார்கள். ஓவியக் காட்சி என்றால் பேசாமல் சுற்றிப் பார்ப்பார்கள். இருட்டறையில் ஸ்பீக்கரும் சென்சாரும் செடித்தொட்டியும் இருக்கும் காட்சி என்றால், வெளியே வந்து தே தாரிக் குடிக்கும்போது கேள்விகள் கொட்டும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முதலில், வாக்குவாதம் வரக்கூடியவை பின்னால்.

"படமும் இல்ல, சிலையும் இல்ல, ஒரே வயரும் ஸ்பீக்கருமா இருக்கு. இது என்ன கலை?"

தற்காலக் கலையில் இது ஒரு பெரிய கிளை. ஓவியர் வண்ணத்தை எடுக்கும் இடத்தில் இந்தக் கலைஞர்கள் மின்சாரத்தையோ ஆற்றுநீரையோ பறவைக் குரலையோ கணினி நிரலையோ எடுத்துக்கொள்கிறார்கள். அறிவியலைப் பற்றிப் படம் வரைவது வேறு. ஆய்வுக்கூடத்தில் நடப்பது மாதிரியான ஒன்றைப் பார்வையாளர் கண்முன்னே நடத்திக் காட்டுவது வேறு. இந்தப் பக்கத்தில் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி.

ஒரு பழைய உதாரணம் சொன்னால் பிடிபடும். 1972-இல் ஹான்ஸ் ஹாக்கெ என்ற ஜெர்மன் கலைஞர், கிரேஃபெல்ட் நகரத்து அருங்காட்சியகத்துக்குள் ரைன் ஆற்றை நாசமாக்கிய அழுக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். ரசாயனம் சேர்த்து, வடிகட்டி, கடைசியில் தங்கமீன்கள் நீந்தும் தொட்டிக்குள் அதை விட்டார். ஆற்றில் கழிவுநீரைக் கலந்தவர்களில் அந்த நகரமும் உண்டு. கோஷம் எதுவும் எழுதி வைக்கவில்லை. குழாயும் தொட்டியும் மீனும் போதுமானதாக இருந்தன. இங்கே ஓடும் சுங்கை பினாங்கு ஆற்றின் ஓரமாகப் போகும்போதெல்லாம், யாராவது இதை இங்கே செய்யக் கூடாதா என்று எனக்குத் தோன்றும்.

"எனக்கு ஒன்னுமே புரியல. எல்லாரும் தலையாட்டுறாங்களேன்னு நானும் ஆட்டிட்டு வந்துட்டேன். எங்கருந்து ஆரம்பிக்கணும்?"

தலையாட்டியவர்களில் பாதிப் பேர் உங்கள் நிலையில்தான் இருந்திருப்பார்கள். 'இதற்கு என்ன அர்த்தம்' என்று தொடங்கினால் மாட்டிக்கொள்வோம். 'இது எப்படி வேலை செய்கிறது' என்று தொடங்குங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது? நான் நகர்ந்தால் மாறுகிறதா? அறையில் யாருமே இல்லாவிட்டாலும் இது நடக்குமா? என்ன உள்ளே போகிறது, என்ன வெளியே வருகிறது? காட்சியில் நிற்கும் ஊழியரிடமே கேட்கலாம், அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இந்த வழி ஏன் பலிக்கிறது என்பதற்கு ஆல்வின் லூசியர் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1969-இல் செய்த வேலை ஒன்று போதும். அவர் ஓர் அறையில் உட்கார்ந்து சில வரிகள் பேசி ஒலிநாடாவில் பதிவு செய்தார். அந்தப் பதிவை அதே அறையில் ஒலிக்கவிட்டு, அதை மறுபடி பதிவு செய்தார். அதையும் ஒலிக்கவிட்டு மறுபடி பதிவு. இப்படியே போகப் போகச் சொற்கள் கரைந்து, மணியை நீட்டி அடித்த மாதிரி ஒரு ரீங்காரம் மட்டும் மிஞ்சுகிறது. காரணம் எளிது. ஒவ்வோர் அறையும் தன் நீள அகலத்துக்கு ஏற்றபடி சில அதிர்வெண்களைத் தூக்கிவிடும், மற்றவற்றை விழுங்கிவிடும். திரும்பத் திரும்பப் பதிவு செய்யும்போது அறைக்குப் பிடித்தவை மட்டும் தங்குகின்றன. லூசியருக்குத் திக்குவாய் இருந்தது. அந்தத் திக்கலும் கடைசியில் அறையின் ரீங்காரத்துக்குள் மறைந்துபோகிறது. எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, அர்த்தத்தை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

"சத்தம் எப்படி சார் கலையாகும்? இசைன்னா சரி, இது இரைச்சல்!"

இந்தச் சண்டைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1913-இல் லூயிஜி ருஸ்ஸோலோ என்ற இத்தாலிய ஓவியர், தொழிற்சாலை இரைச்சலும் டிராம் வண்டிச் சத்தமும் இனி இசைக்குள் வர வேண்டும் என்று அறிக்கை எழுதி, உறுமவும் சீறவும் கூடிய பெட்டிகளைச் செய்தார். 1948-இல் பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர், ரயில் சத்தங்களைப் பதிவு செய்து வெட்டி ஒட்டி ஒரு படைப்பாக்கினார். 1952-இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் நாலு நிமிடம் முப்பத்துமூன்று விநாடிப் படைப்பில், பியானோக் கலைஞர் ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை. வந்திருந்தவர்களுக்குக் கேட்டது காற்றும் மழைத்துளியும் அவர்களுடைய முணுமுணுப்பும்தான்.

நமக்கு இது அவ்வளவு அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. உறுமியைக் கவனியுங்கள். ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியைத் தேய்த்துத்தான் அந்த உறுமல் வருகிறது. சுரம் பிரித்துச் சொல்ல முடியாத அந்த உராய்வுச் சத்தத்துக்குத்தான் தைப்பூசத்தில் உடம்பு சிலிர்க்கிறது. அதை யாரும் இரைச்சல் என்று ஒதுக்குவதில்லை.

"அப்போ கச்சேரிக்கும் ஒலிக்கலைக்கும் என்ன வித்தியாசம்?"

பெரும்பாலும் இடம்தான். கச்சேரியில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள், இசை தொடங்கி முடியும். ஒலிக்கலையில் சத்தம் அங்கேயே இருக்கும், நீங்கள் நடப்பீர்கள். கனடாவைச் சேர்ந்த ஜேனட் கார்டிஃப் 2001-இல் செய்த படைப்பில் நாற்பது ஸ்பீக்கர்கள் நீள்வட்டமாக நிற்கின்றன. நாற்பது குரல்களுக்காக எழுதப்பட்ட பழைய தேவாலயப் பாடல் ஒன்றை, ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு பாடகர் என்று பிரித்திருக்கிறார். நடுவில் நின்றால் முழுக் குழு. ஒன்றின் பக்கத்தில் போய்க் காதை வைத்தால் ஒரே ஓர் ஆள் மூச்சிழுத்துப் பாடுவது கேட்கும். எந்தக் கச்சேரியிலும் இந்த இடம் நமக்குக் கிடைக்காது.

"இதெல்லாம் வெள்ளைக்காரங்க வேலைதானே? நம்ம நாட்டுல யாரு செஞ்சிருக்காங்க?"

மேலே நான் சொன்ன பெயர்களைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது நியாயம். ஆனால் தொலைக்காட்சிப் பெட்டியைக் கலைக்குள் கொண்டுவந்த பெரிய பெயர் கொரியாவில் பிறந்த நாம் ஜுன் பைக். நம் நாட்டிலும் கதை பழையதுதான். 1974-இல் ரெட்ஸா பியாடாசாவும் சுலைமான் ஈசாவும் கோலாலம்பூரில் மலாய் மொழிக் கழகமான டேவான் பகாசாவின் 'சூடுட் பெனுலிஸ்' என்ற எழுத்தாளர் மூலையில் ஒரு காட்சி வைத்தார்கள். பாதி குடித்த கோக் போத்தல்கள், எரிந்து முடிந்த கொசுவர்த்தி, கலைஞர்கள் இருவரும் சில மாதங்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்த தொட்டிச் செடி, அப்புறம் ஒரு காலிக் கூண்டு. கூண்டின் தலைப்பிலேயே, 1974 ஜூன் 10 திங்கட்கிழமை பிற்பகல் 2.46-க்குப் பறவை விடுவிக்கப்பட்டது என்று இருந்தது. பொருளைப் பார்க்காதே, அதில் நடந்துகொண்டிருக்கும் காலத்தைப் பார் என்பதுதான் அவர்கள் வாதம். ஒரு சென்சார் கூட இல்லாமல், இன்றைய இயற்கை சார்ந்த கலை பேசும் பாதி விஷயத்தை அவர்கள் அன்றே தொட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

1988-இல் இஸ்மாயில் ஜைன் கணினியில் செய்த படத்தொகுப்புகளைக் காட்சிக்கு வைத்தார். ஒரு படத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பணக்காரக் குடும்பம் மலாய்க் கம்பத்து வீட்டின் முன் நின்று போஸ் கொடுக்கும். 1996-இலேயே இணையத்தைக் களமாக்கிப் படைப்பு செய்தவர் நிரஞ்சன் ராஜா. அவரும் ஹஸ்னுல் ஜமால் சைடோனும் சேர்ந்து 1997-இல் தேசியக் கலைக்கூடத்தில் முதல் மின்னணுக் கலைக் காட்சியை ஒருங்கிணைத்தார்கள். ஹஸ்னுல் பிற்பாடு பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகமான யுஎஸ்எம்-இன் அருங்காட்சியகத்தை நடத்தினார். ஜார்ஜ்டவுன்காரரான வோங் ஹோய் சியோங், மலாய்ப் பேரரசு ஆஸ்திரியாவைக் காலனியாக்கியதாக ஒரு பொய் ஆவணப்படம் எடுத்தார். 2003-இல் அது வெனிஸ் பியெனாலே என்ற உலகக் கலைக்காட்சி வரை போனது. பார்த்தால் சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும், நாம் பள்ளியில் படித்த வரலாற்றையும் யாரோ இப்படித்தான் உட்கார்ந்து தயாரித்திருப்பார்களோ என்று சந்தேகம் வரும்.

"வயரிங் பண்றது இஞ்சினியர், பேரு மட்டும் கலைஞருக்கா?"

நல்ல கேள்வி, பினாங்கின் மின்னணுத் தொழிற்சாலை வட்டாரமான பாயான் லெப்பாஸில் வேலை செய்பவர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். 1966 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு ராணுவப் பயிற்சிக் கூடத்தில் ஒன்பது இரவுகள் நிகழ்ச்சி நடந்தது. பத்துக் கலைஞர்கள், பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து சுமார் முப்பது பொறியாளர்கள். அவர்களைச் சேர்த்துவைத்தவர் பில்லி குளூவர் என்ற பொறியாளர். கலைஞர்களில் ஒருவரான ராபர்ட் ரவுஷென்பெர்க்கின் நிகழ்ச்சியில் இரண்டு பேர் டென்னிஸ் ஆடினார்கள். மட்டைக்குள் ஒலிவாங்கி. ஒவ்வோர் அடிக்கும் பெரிய மணிச்சத்தம் கேட்கும், கூடவே ஒரு விளக்கு அணையும். ஆடி ஆடிக் கூடமே இருட்டாகிவிட்டது. அந்தக் கூட்டணி பிறகு அமைப்பாகவே மாறியது. பொறியாளரைக் கூலிக்கு வைத்துக்கொள்ளாமல் கூட்டாளியாக நடத்துவது அதன் கொள்கை.

எல்லாரும் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். காட்சி விளக்க அட்டையில் நிரல் எழுதியவர், மின்சுற்று அமைத்தவர் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். 1972-இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை வைத்த ஊர் இது. நம் அக்காமார்கள் பலர் ஷிப்டு ஷிப்டாக அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் சிப்புகளைக் கோத்திருக்கிறார்கள். பினாங்கில் ஒரு மின்னணுக் கலைப்படைப்பைப் பார்க்கும்போது அந்தக் கைகளை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அந்தக் கைகளைப் பற்றிய பெரிய படைப்பு ஒன்றை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"செடி இலையில கிளிப் மாட்டினா பாட்டு வருதே, செடி நெசமாவே பாடுதா?"

இல்லை. ஆனால் முழுப் பொய்யும் இல்லை. இரண்டாவது பதிலில் சொன்ன கேள்வியை இங்கே போடுங்கள்: என்ன உள்ளே போகிறது, என்ன வெளியே வருகிறது? இலையில் இரண்டு மின்முனைகள் மாட்டப்பட்டிருக்கும். அவற்றுக்கிடையே மிகச் சிறிய மின்னோட்டம். இலையின் ஈரம், வெளிச்சம், நீங்கள் தொடுவது ஆகியவற்றுக்கு ஏற்ப அந்த மின்னோட்டம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கருவி எண்களாக்கி, எண்களைச் சுரங்களாக்குகிறது. எந்தச் சுரவரிசை, புல்லாங்குழலா பியானோவா என்பதெல்லாம் மனிதர் முன்பே தேர்ந்தெடுத்தவை. ஈரப் பஞ்சில் மாட்டினாலும் ஏதாவது வரத்தான் செய்யும். இனிமை செடியுடையது இல்லை, நிரல் எழுதியவருடையது.

ஆனால் செடிக்குள் மின்சாரம் ஓடுவது உண்மை. நூறு ஆண்டுகளுக்கு முன்பே கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், தொட்டாச்சிணுங்கி போன்ற செடிகளின் மின்துடிப்பை நுணுக்கமான கருவிகளால் அளந்து காட்டினார். நம் திடலெல்லாம் முளைத்துக் கிடக்கும் அதே தொட்டாச்சிணுங்கிதான். இன்னொன்று: டெல் அவிவ் ஆராய்ச்சியாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீரில்லாமல் வாடும் தக்காளி, புகையிலைச் செடிகளிலிருந்து மணிக்கு முப்பது முதல் ஐம்பது வரை 'டிக் டிக்' சத்தம் வருவதைப் பதிவு செய்தார்கள். 40 முதல் 80 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலி அது. மனிதக் காது 20-க்கு மேல் கேட்காது. தண்டின் குழாய்களில் காற்றுக் குமிழ் உருவாகி உடைவது காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். நன்றாகத் தண்ணீர் ஊற்றிய செடி ஏறக்குறைய மௌனமாகவே இருந்தது.

ஆகவே 'செடி பாடுகிறது' என்று அட்டையில் எழுதியிருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். 'செடியின் மின்மாற்றத்தை இப்படிச் சுரமாக்கினோம்' என்று எழுதியிருந்தால் அந்தக் கலைஞர் உங்களை மதிக்கிறார்.

"இயற்கையைக் காட்டணும்னா காட்டுக்குப் போய் போட்டோ எடுத்தா பத்தாதா? நடுவுல மிஷின் எதுக்கு?"

போட்டோவும் மிஷின்தான். அதை விடுங்கள், போட்டோவுக்குத் தெரியாத விஷயங்கள் உண்டு. பெர்னி கிராஸ் என்ற ஒலிப்பதிவாளர் 1988-இல் கலிஃபோர்னியா மலைக்காடு ஒன்றில் விடியற்காலைச் சத்தத்தைப் பதிவு செய்தார். பிறகு அங்கே மரம் வெட்டினார்கள். மொட்டையடிக்காமல், இங்கொன்றும் அங்கொன்றுமாக. காட்டுக்குப் பாதிப்பே இருக்காது என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஓராண்டு கழித்து அதே இடம், அதே பருவம். போட்டோவில் காடு அப்படியே இருந்தது. பதிவில் ஓடைச் சத்தமும் ஒரு மரங்கொத்தியும் தவிர மிகக் கொஞ்சமே கேட்டது. கண்ணை ஏமாற்றிய காடு காதை ஏமாற்றவில்லை. அவருடைய பதிவுகளை வைத்து 2016-இல் பாரிஸில் ஒரு பெரிய காட்சியே நடந்தது.

"ஆனா இயற்கையும் தொழில்நுட்பமும் எதிரும் புதிரும்தானே? ரெண்டையும் ஏன் ஒரே காட்சியில போடுறாங்க?"

எதிரும் புதிரும் என்பது வசதியான கற்பனை. 19-ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை தேவைப்பட்டது. உப்புநீர் தாங்கும் உறை, மலாயாக் காடுகளிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் வளர்ந்த தாபான் மரத்தின் பாலில், அதாவது கட்டப்பர்ச்சாவில் கிடைத்தது. ரப்பர் மாதிரி கீறிப் பால் எடுப்பது சரிவரவில்லை, மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். லட்சக்கணக்கான மரங்கள் போயின. 1870 வாக்கில் மதராஸிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போட்ட கம்பியும் அந்தத் தொழில்நுட்பம்தான். உலகத்தை முதன்முதலில் மின்சாரத்தால் இணைத்தது ஒரு மரத்தின் பால். தொழில்நுட்பம் காட்டுக்கு வெளியே எங்கோ பிறந்தது என்று எப்படிச் சொல்வது?

இன்னும் பக்கத்தில் வேண்டுமா? பறவைக்கூடு வீடுகள். கூரையில் ஸ்பீக்கர் வைத்து உழவாரக் குருவியின் குரலைப் பதிவிலிருந்து ஓயாமல் ஒலிக்கவிட்டால், இங்கே நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நம்பிக் குருவிகள் உள்ளே வந்து கூடு கட்டும். கூடு சூப்புக்குப் போகும். அந்தக் குருவியோ இருட்டில் 'கிளிக் கிளிக்' என்று ஒலியெழுப்பி அதன் எதிரொலியைக் கேட்டே வழி கண்டுபிடிக்கும் பறவை. ஜார்ஜ்டவுன் பாரம்பரிய வட்டாரத்துக் கடைவீடுகளில் இந்தத் தொழில் பெருகி, 2013 கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி மாநில அரசு கெடு வைத்தது. ஒலி, இயந்திரம், உயிர், காசு நான்கும் ஒரே வீட்டுக்குள். எந்தக் கலைஞரும் இதைவிட அழுத்தமான ஒலிப்படைப்பை யோசித்திருக்க முடியாது. வருத்தம் என்னவென்றால், அதைக் கட்டியவர்கள் வியாபாரிகள்.

"உசுருள்ளதை வெச்சு விளையாடுறது பாவம் இல்லையா?"

கோவிலுக்குப் போகிறவர்கள் மட்டும் கேட்கும் கேள்வி இல்லை இது, கலைஞர்களே இதில் பிரிந்து நிற்கிறார்கள். 2000-இல் எட்வர்டோ காக் என்ற கலைஞர், ஜெல்லிமீனின் ஒளிரும் மரபணு சேர்க்கப்பட்ட ஆல்பா என்ற முயலைத் தன் படைப்பாக அறிவித்தார். பிரெஞ்சு ஆய்வுக்கூடம் முயலை வெளியே விடவில்லை. எனக்கு அந்த வேலையில் விளம்பரம்தான் அதிகம் தெரிகிறது.

ஆஸ்திரேலியாவின் ஓரோன் கேட்ஸும் இயோனாட் ஸூரும் செய்தது வேறு ரகம். உயிரணுக்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, மிகச் சிறிய ஒரு கோட்டுச் சட்டை வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். யாரையும் கொல்லாமல் தோல் கிடைக்குமா என்பதே கேள்வி. 2008-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அது அளவுக்கு மீறி வளரத் தொடங்கியதால், காட்சிப் பொறுப்பாளர் ஊட்டத்தை நிறுத்தி அதைச் சாகவிட வேண்டி வந்தது. கொல்லாமல் செய்ய நினைத்த பொருளைக் கடைசியில் கொல்ல நேர்ந்தது. இதைக் கேட்டதும் உங்களுக்கு உறுத்தினால், அந்தப் படைப்பு தன் வேலையைச் செய்துவிட்டது.

"ஏஐ போட்ட படம் கலையா? கணினிதானே எல்லாத்தையும் செய்யுது?"

ஹெரால்ட் கோஹென் என்ற ஓவியர் 1970-களிலிருந்து தன் கடைசிக்காலம் வரை, ஏரன் என்ற வரையும் நிரலை எழுதித் திருத்திக்கொண்டே இருந்தார். அவர் 2016-இல் காலமானார். அதில் எவ்வளவு மனித உழைப்பு இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். மறுபக்கம், 2018-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஓர் ஏஐ உருவப்படம் 4,32,500 அமெரிக்க டாலருக்குப் போனது. விற்றவர்கள் ஒரு பிரெஞ்சுக் குழு. பயன்படுத்திய நிரலில் பெரும்பகுதி வேறோர் இளைஞர் இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தது. பொறியாளரின் பெயர் பற்றிய கேள்வி இங்கே அப்படியே திரும்பி வருகிறது. என்னைக் கேட்டால், 'ஏஐ கலையா' என்பது சப்பென்ற கேள்வி. யாருடைய படங்களைத் தின்று இது வரைகிறது, அவர்களைக் கேட்டார்களா என்று கேளுங்கள், பேச்சு சூடு பிடிக்கும்.

"மால்ல புரொஜெக்டர் போட்டு பூவெல்லாம் சுவத்துல ஓடுதே, அதுவும் இதுவும் ஒன்னா?"

சில சமயம் ஆம், பெரும்பாலும் இல்லை. எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். 'வீடியோ ஓடுகிறது' என்பதோடு பதில் முடிந்துவிட்டால் அது செல்ஃபி எடுக்க நல்ல இடம். தப்பில்லை, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். டிக்கெட் விலையை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

"டிவி கெட்டுப்போனா, சாஃப்ட்வேர் பழசானா அந்தக் கலை என்ன ஆகும்?"

அருங்காட்சியகங்களுக்குத் தலைவலியே இதுதான். நாம் ஜுன் பைக் 1988-இல் சியோல் அருகே குவாச்சான் அருங்காட்சியகத்துக்காக 1,003 தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கினார். எல்லாம் பழைய குழாய் டிவிகள். அவை சூடாகி, பழுதாகி, 2018-இல் பாதுகாப்புக் கருதிக் கோபுரத்தை அணைத்துவிட்டார்கள். அப்புறம் பெரிய விவாதம். புதிய தட்டைத் திரைகளை வைத்தால் அது பைக்கின் வேலையா? கடைசியில் 737 குழாய் டிவிகளைப் பழுதுபார்த்து அப்படியே வைத்துக்கொண்டு, மீதி 266-க்கு உள்ளே மட்டும் தட்டைத் திரை மாற்றினார்கள். 2022-இல் மறுபடி ஒளிர்ந்தது.

ஆகவே இப்படிப்பட்ட படைப்பை வாங்குகிறவர்கள் பொருளோடு சேர்த்துக் குறிப்புகளையும் வாங்குகிறார்கள்: எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது, நிரல் எங்கே இருக்கிறது. அந்தக் காகிதம் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

"பினாங்குல, கேஎல்-ல எங்க போய்ப் பாக்கலாம்? காசு எவ்வளவு?"

இப்படிப்பட்ட படைப்புகளுக்கென்றே எப்போதும் திறந்திருக்கும் இடம் என்று எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. காட்சி வரும், போகும். பினாங்கில் ஜாலான் குர்டுவாராவில் பழைய பேருந்து நிலையமாக இருந்து 2014-இல் கலைவெளியாக மாறிய ஹின் பஸ் டிப்போ, மிண்டனில் யுஎஸ்எம் வளாகத்துக்குள் இருக்கும் துவாங்கு ஃபவுசியா அருங்காட்சியகம், டேவான் ஸ்ரீ பினாங்கில் உள்ள மாநிலக் கலைக்கூடம் ஆகியவற்றைக் கவனியுங்கள். ஜார்ஜ்டவுன் விழாக் காலத்தில் கடைவீடுகளுக்குள்ளேயும் ஏதாவது இருக்கும்.

கோலாலம்பூரில் தேசியக் கலைக்கூடமும், ஜாலான் பிஞ்சாயில் 2015-இல் திறந்த இல்ஹாம் காட்சிக்கூடமும் முதலில். பரிசோதனைப் படம், காணொளி, ஒலி என்றால் 2010-இல் தொடங்கிய கேஎல்இஎக்ஸ் விழா. புரொஜெக்டர், ஒளி, நிரல் சார்ந்த வேலைகளுக்கு ஃபிலமென் குழு. கம்போங் அத்தாப் சோங்ஷான் கட்டடத்தில் சும்மா ஏறி இறங்கினாலே ஏதாவது கண்ணில் படும். பல இடங்களில் அனுமதி இலவசம், சில காட்சிகளுக்குச் சில வெள்ளி கேட்கலாம். திங்கட்கிழமை நிறைய இடங்கள் மூடியிருக்கும், பார்த்துவிட்டுப் போங்கள்.

"சின்னப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போலாமா? தொட்டுட்டா?"

கூட்டிப் போங்கள். எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வியைப் பெரியவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது, பிள்ளைகள் தானாகவே கேட்கிறார்கள். தொடலாமா என்பதை நுழைவாயிலிலேயே கேட்டுவிடுங்கள். சில படைப்புகள் தொட்டால்தான் நடக்கும், சில தொட்டால் நின்றுவிடும். மின்னி மின்னி அணையும் வெளிச்சம் இருந்தால், வலிப்பு வரக்கூடிய பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள். அதிரும் ஸ்பீக்கர் பக்கத்தில் கைக்குழந்தையும் வேண்டாம்.

"என் மகன் எஸ்பிஎம் முடிச்சிட்டு இதைத்தான் படிப்பேன்னு நிக்கிறான். சோறு போடுமா?"

இதை மட்டும் நம்பினால் கஷ்டம். ஆனால் இதற்காகக் கற்றுக்கொள்ளும் வேலைகள் சோறு போடும்: நிரல் எழுதுதல், ஒலிப்பதிவு, மேடை விளக்கு, மின்சுற்று, காட்சி வடிவமைப்பு. யுஎஸ்எம்-இன் கலைப் பள்ளி, சைபர்ஜெயாவில் எம்எம்யு பல்கலைக்கழகத்தின் படைப்பாக்கப் பல்லூடகத் துறை என்று படிக்க இடம் இருக்கிறது. அதற்கு முன்னால் அவன் வீட்டில் எதையாவது கழற்றி மாட்டிப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். ரேடியோவைக் கழற்றாதவன் இந்தத் துறைக்குப் போய் என்ன செய்யப்போகிறான்?

"செலவில்லாம நானே ஏதாவது செஞ்சு பாக்கணும். என்ன வேணும்?"

முதலில் காது மட்டும் போதும். விடியற்காலையில் தண்ணீர்மலையிலிருந்து தாவரவியல் பூங்கா வரை பேசாமல் நடந்து, கேட்டதை எல்லாம் எழுதுங்கள். குயில் கேட்கும், காகம் கேட்கும். இந்தக் காகத்தை ஒரு நூற்றாண்டுக்கு முன் இலங்கையிலிருந்து, தோட்டப்புழுக்களைத் தின்னட்டும் என்று கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். காகக் கூட்டில் முட்டையிடும் குயிலும் பின்னாலேயே பெருகியது. நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறி வந்த அதே தோட்டக் கதையின் இன்னொரு பக்கம், விடிகாலையில் மரத்தில் உட்கார்ந்து கத்துகிறது.

அடுத்தது கைப்பேசிப் பதிவு. அதற்கும் அடுத்தது, மின்னணுச் சாமான் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும், அதிர்வை மின்சாரமாக்கும் பியெஸோ தகடு. அதில் வயரைப் பற்றவைத்து ஒலிப்பதிவுக் கருவியில் செருகினால் தொடு ஒலிவாங்கி. வேலிக் கம்பி, தகரக் கூரை மேல் மழை, ஃபெர்ரியின் கைப்பிடி எதில் ஒட்டினாலும் புதிதாக ஒன்று கேட்கும். மின்காந்தச் சத்தம் கேட்க ஒரு செம்புக்கம்பிச் சுருள் போதும். ஜெர்மனியின் கிறிஸ்டினா குபிஷ் இப்படிச் சுருள் வைத்த ஹெட்ஃபோன்களை மக்களுக்குக் கொடுத்து, நகரத் தெருக்களில் ஏடிஎம், விளம்பரப் பலகை, ரயில் எல்லாம் முனகுவதைக் கேட்க வைக்கிறார். எல்ஆர்டி நிலையத்தில் முயன்று பாருங்கள். காவலருக்கு முதலில் விளக்கிவிடுங்கள், வயரோடு சுற்றுகிறவரைப் பார்த்தால் அவர் பயப்படுவது சகஜம்.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த பாட்டி வீட்டில் இருந்தால், அவரிடம் சத்தங்களைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். காலையில் வேலைக்கு ஆள் திரட்டும் பெரட்டு மணி, மரத்தில் வெயிலுக்கு 'டப்' என்று வெடிக்கும் ரப்பர் காய், தொழிலாளர் குடியிருந்த லயத்துத் தகரக் கூரை. ஒலியைத் தேட வேண்டாம், அவர் வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டுவார். அந்தப் பதிவு எந்தக் காட்சிக்கூடத்துக்கும் தகும்.

"தைப்பூசத்துல உறுமி அடிக்கிறதைப் பதிவு பண்ணி என் படைப்புல போடலாமா? காட்டுல பறவைச் சத்தம் எடுத்தா யாரைக் கேக்கணும்?"

தெருவில் நடப்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகிறவருக்கும் உரிமை உண்டு. குழுத் தலைவரைப் பார்த்து, எங்கே போடப்போகிறீர்கள், காசு வருமா என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒப்புதலை வாட்ஸ்அப்பிலாவது வாங்கிவையுங்கள். காட்சி அட்டையில் குழுவின் பெயரைப் போடுங்கள். அருள் வந்து ஆடுகிறவரின் குரலை எடுப்பதாக இருந்தால் இன்னொரு முறை யோசியுங்கள். அந்த நேரத்தில் அவரால் சம்மதம் சொல்ல முடியாது, பிறகு அவர் குடும்பத்தோடு காட்சிக்கு வந்து தன் குரலையே கேட்க நேரலாம்.

பறவைக்குக் கையெழுத்துத் தேவையில்லை. ஸ்டாண்டு, பெரிய ஒலிவாங்கி என்று போவதாக இருந்தால் பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பறவையை வரவழைக்க அதன் குரலை அங்கேயே ஸ்பீக்கரில் போடுவது. எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு அது சண்டைக்கு அலையும். எடுத்த பதிவை வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோனில் கேளுங்கள்.